பத்து மெகா ஹெர்ட்ஸ் சரியாகப் பத்துதானா? வீட்டுப் பட்டறையில் அதிர்வெண் ஒப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில், குளுகோர் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் இருக்கிறது என் பட்டறை. மேசை மேல் எப்போதும் சூடாக மூன்று ஆசிலேட்டர்களும் (சீரான அலையைத் தொடர்ந்து தருகிற சுற்றுகள்), அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஒரு தகரப் பெட்டியும் இருக்கும். பார்க்க வருகிற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களும் நண்பர்களின் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தவர், ஓசிலோஸ்கோப்பை ஒருமுறையாவது தொட்டவர் என்று உங்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அதிர்வெண்ணை அளப்பது வேறு, ஒப்பிடுவது வேறா?

வேறுதான். லிட்டில் இந்தியா நகைக்கடையில் பழைய இருதட்டுத் தராசைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் சங்கிலி, மறு தட்டில் படிக்கல். எத்தனை கிராம் என்று தராசுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த ஒரே வேலையைச் செய்வதால்தான் அது நுணுக்கமாகச் செய்கிறது.

அதிர்வெண் ஒப்பீட்டுக் கருவியும் அப்படித்தான். 10 மெகா ஹெர்ட்ஸ் தருகிற இரண்டு ஆசிலேட்டர்களை இரு பக்கமும் செருகினால், ஒன்றுக்கு மற்றது எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று சொல்லும். இந்த முந்தல் பிந்தலைத்தான் கட்டவேறுபாடு என்கிறோம். 10 மெகா ஹெர்ட்ஸில் ஒரு முழுச்சுற்று 100 நானோ செகண்ட். அதற்குள் நடக்கிற நகர்வைப் பார்ப்பதுதான் விளையாட்டே.

ஹாம் ரேடியோவுக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு?

உள்ளதைச் சொன்னால், பெரும்பாலும் தேவையில்லை. 40 மீட்டர் அலைவரிசையில் பேசுகிறவருக்கு 20 ஹெர்ட்ஸ் தவறினாலும் எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்க மாட்டார்.

மேலே போகப் போகத்தான் பிழை வீங்கும். ஹாம்கள் பயன்படுத்தும் கியூஓ-100 செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுகிய பட்டை இறங்குவழி (கோளிலிருந்து பூமிக்கு வரும் அலை) 10,489.5 மெகா ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கோள் கிழக்கு 25.9 டிகிரியில் நிற்பதால், பினாங்கிலிருந்து கணக்குப் போட்டால் மேற்கே அடிவானத்துக்கு ஏழு டிகிரி மேலேதான் வருகிறது. எதிர் பிளாக் மறைத்தால் அதுவும் இல்லை. அங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றாலே 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிப் போய்விடும். டிஷ் தலையில் இருக்கிற சாதாரணக் கிறிஸ்டல் வெயில் ஏற ஏற அதைவிட அதிகமாகவே ஓடும். நல்ல 10 மெகா ஹெர்ட்ஸ் குறிப்பலை, அதாவது மற்றவை பார்த்து ஓடுகிற அலை, கையில் இருந்தால் இந்த ஓட்டம் நின்றுவிடும்.

இது நியாயமான காரணம். உண்மையான காரணம் ஆசைதான். ஒரு கடிகாரம் சரியா என்று கேட்கத் தொடங்கிய மனது அதோடு நிற்காது.

அண்ணே, நல்ல கவுண்டர் ஒன்று வாங்கினால் போதாதா?

தம்பி, கவுண்டர் என்ன செய்கிறது பார். ஒரு வினாடி கதவைத் திறந்து வைத்து, எத்தனை சுற்று போயிற்று என்று எண்ணுகிறது. 10 மெகா ஹெர்ட்ஸை ஒரு வினாடி எண்ணினால் ஒரு கோடி வரும். ஒன்று கூடலாம், குறையலாம். ஆக, அதன் கண்ணுக்குத் தெரிவது கோடியில் ஒன்று. ஆயிரம் கோடியில் ஒன்று பார்க்க வேண்டுமென்றால் கதவை 1000 வினாடி திறந்து வைக்க வேண்டும். அதற்குள் ஆசிலேட்டரே மாறிவிடும்.

சுற்றுகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் அளக்கிற நல்ல கவுண்டர்கள் உண்டு. எச்பி 5370பி ஒரே அளவீட்டில் 20 பிக்கோ செகண்ட் வரை பிரித்துப் பார்க்கும். ஹாம்களுக்காக வந்த டிஐசிசி என்கிற சிறு பலகை 60 பிக்கோ செகண்டுக்கும் கீழே பார்க்கும். இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் நல்ல ஓசிஎக்ஸ்ஓ, அதாவது சூடான அடுப்புக்குள் வைத்த கிறிஸ்டல், ஒரு வினாடிக்கு ஒரு வினாடி காட்டுகிற நடுக்கம் அதையும் விடச் சின்னது. அப்போது கவுண்டரில் நீ பார்ப்பது ஆசிலேட்டரை இல்லை, கவுண்டரின் சொந்த நடுக்கத்தை.

இன்னொன்று. அந்தக் கவுண்டர் உள்ளேயிருக்கிற தன் கிறிஸ்டலை நம்பித்தான் எண்ணுகிறது. அது சரியா என்று யார் சொல்வது?

கையில் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு ஓசிலோஸ்கோப், இரண்டு ஆசிலேட்டர், ஒரு கைக்கடிகாரம். முதல் ஆசிலேட்டரை ஸ்கோப்பின் வெளி டிரிகருக்குக் கொடுங்கள். இரண்டாவதை முதல் சேனலுக்குக் கொடுங்கள். திரையில் அலை மெதுவாக நகரும். இடப்பக்கம் நகர்ந்தால் சேனலில் இருப்பது வேகம், வலப்பக்கம் என்றால் மெதுவு. ஒரு முழு அலை கடந்து போக 100 வினாடி ஆனால் வித்தியாசம் 0.01 ஹெர்ட்ஸ், அதாவது நூறு கோடியில் ஒன்று. விலையுயர்ந்த கவுண்டர் காட்டுவதை இந்த வித்தை சும்மா காட்டிவிடுகிறது.

லிசாஜு உருவம் (இரு அலைகளும் சேர்ந்து திரையில் வரையும் வளையம்) போட்டுப் பார்க்கச் சொல்லும் பழைய நூல்கள் உண்டு. நல்ல வழிதான். ஆனால் பழைய ஸ்கோப்புகள் பலவற்றில் கிடைமட்டப் பக்கம் 10 மெகா ஹெர்ட்ஸைத் தாங்காது. டிரிகர் வழியே சுலபம்.

அடுத்த படி, ஒரு 74எச்சி86 எக்ஸார் சில்லு, இரண்டு உள்ளீடும் வேறுபடும்போது மட்டும் உயர் வோல்ட் தருவது. இரு அலைகளையும் சதுரமாக்கி அதற்குள் விட்டு, வெளியே வருவதை ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வழியாக வடிகட்டினால், கட்டவேறுபாடு வோல்ட்டாக மாறிவிடும். 50 நானோ செகண்டுக்கு வோல்ட் ஏறும், அடுத்த 50-க்கு இறங்கும். அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் 1024 படிகளில் அதைப் படித்தால், காகிதக் கணக்குக்கு ஒரு படி 50 பிக்கோ செகண்ட். சில்லுக்குப் போகும் 5 வோல்ட் ஆடினால் கணக்கும் ஆடும் என்பதை மறக்காதீர்கள். ஏற்றமா இறக்கமா என்ற குழப்பமும் உண்டு. ஆனாலும் முதல் வருடம் நான் இதை வைத்துத்தான் ஓட்டினேன். வெட்கப்பட எதுவுமில்லை.

படிக்கல் எது? எதை நம்பி ஒப்பிடுவது?

ஒரு வினாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 துடிப்பு என்று 1967-இல் உலகம் முடிவு செய்தது. நம் நாட்டின் படிக்கல் சிப்பாங் பக்கம் சாலாக் திங்கியில், தேசிய அளவியல் கழகத்தில் சீசியக் கடிகாரங்களாக இருக்கிறது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. நமக்கு மூன்று வழி.

சிற்றலை: சீனாவின் பிபிஎம் நிலையம் 2.5, 5, 10, 15 மெகா ஹெர்ட்ஸில் நேரக் குறிப்பை அனுப்புகிறது. ஹவாயின் டபிள்யூடபிள்யூவிஎச்சும் அதே அலைவரிசைகளில்தான் இருக்கிறது. நான் கேட்ட இரவுகளில் 10 மெகா ஹெர்ட்ஸில் பிபிஎம்தான் தெளிவாக வந்தது. ரேடியோவை ஜீரோ பீட் செய்ய, அதாவது இரு அலைகளின் வித்தியாச ஒலியான பீட் மறையும்வரை திருப்ப, இது போதும். ஆனால் அயனமண்டலம் ஏறி இறங்கும்போது அதிர்வெண் மாறித் தெரிகிற டாப்ளர் விளைவால் கோடியில் ஒன்றைத் தாண்டி இதை நம்பக்கூடாது. விடிகிற நேரத்தில் காதாலேயே கேட்கலாம், பீட் ஊசலாடும்.

ரூபிடியம்: பழைய தொலைபேசிக் கோபுரங்களிலிருந்து கழற்றிய ரூபிடிய அணு ஆசிலேட்டர்கள் கைமாறி வருகின்றன. எஃப்இ-5680ஏ, எல்பிஆர்ஓ-101 போன்றவை. நன்றாக இருக்கும், ஆனால் சூடு. பெரிய அலுமினியத் தகடு இல்லாமல் ஓட்டினால் ஆயுள் குறையும். ரூபிடியமும் மெல்ல விலகும், ஆகவே தானாக அது படிக்கல் ஆகாது.

ஜிபிஎஸ்: ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம். ஏவி வைத்திருப்பது வேறொருவர் செலவு, பார்த்துக்கொள்வதும் அவர்கள். நமக்கு ஓர் அன்டெனாதான் செலவு. இதுதான் பெரும்பாலோருடைய வழி. ஜிபிஎஸ்ஸை வைத்துத் திருத்தப்படும் ஆசிலேட்டருக்கு ஜிபிஎஸ்டிஓ என்று பெயர்.

ஜிபிஎஸ்டிஓ பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஜிபிஎஸ் ரிசீவர் வினாடிக்கு ஒரு தட்டு தட்டும். நீண்ட நாள் கணக்கில் அந்தத் தட்டு சத்தியவான். ஆனால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே பத்து நானோ செகண்ட் அளவில் தடுமாறும். மலிவான ரிசீவர்களில் இந்தத் தடுமாற்றத்தின் ஒரு பகுதி ரம்பப்பல் மாதிரி வரும். ரிசீவர் தன் உள்கடிகாரத்தின் விளிம்பில் மட்டுமே தட்ட முடியும் என்பதுதான் காரணம். நேரத்துக்கென்றே செய்த ரிசீவர்கள், யூபிளாக்ஸின் டி வகைகளைப் போல, ஒவ்வொரு தட்டும் எவ்வளவு தப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். கழித்துக்கொள்ளலாம்.

ஓசிஎக்ஸ்ஓ நேர் எதிர். வினாடிக்கு வினாடி கல் மாதிரி நிற்கும், நாள் கணக்கில் மெல்ல நழுவும். கச்சேரியில் தாளம் பிசகாத மிருதங்கக்காரர், ஆனால் கச்சேரி எப்போது முடிய வேண்டும் என்று தெரியாது. சபா செயலாளர் அவ்வப்போது கையைக் காட்ட வேண்டும். அந்தக் கை எத்தனை முறை காட்டுவது என்பதுதான் ஜிபிஎஸ்டிஓவின் உயிர்நாடி. அடிக்கடி திருத்தினால் ஜிபிஎஸ்ஸின் தடுமாற்றம் ஆசிலேட்டருக்குள் இறங்கிவிடும். ரொம்ப விட்டுவிட்டால் நழுவும். பத்து நானோ செகண்ட் தடுமாற்றம், ஒரு வினாடியில் பத்து கோடியில் ஒன்று. 1000 வினாடிக்குப் பரப்பினால் பத்தாயிரம் கோடியில் ஒன்று. உங்கள் கிறிஸ்டல் எந்த இடத்தில் அதைவிட மோசமாகிறதோ அங்கேதான் பிடியை, அதாவது திருத்தும் இடைவெளியை, வைக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஒப்பீட்டுக் கருவியே.

இரட்டை மிக்சர் முறை என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி. அமெரிக்க அளவியல் அறிஞர் டேவிட் ஆலன் 1975-இல் விளக்கிய முறை. வீட்டில் கட்டக்கூடியதில் இதைவிட அழகானது நான் பார்த்ததில்லை.

உங்களிடம் இரண்டு 10 மெகா ஹெர்ட்ஸ் இருக்கிறது. மூன்றாவதாக, சரியாகப் பத்து இல்லாமல் 10 ஹெர்ட்ஸ் குறைவாக ஓர் ஆசிலேட்டரை வைக்கிறீர்கள், 9.99999 மெகா ஹெர்ட்ஸ். அதை இரண்டு மிக்சருக்கும் (இரு அலைகளைக் கலந்து அவற்றின் வித்தியாச அலையைத் தருகிற சுற்று) பகிர்ந்து கொடுத்து, ஒரு மிக்சரில் முதலாவதையும் இன்னொன்றில் இரண்டாவதையும் கலக்கிறீர்கள். இரண்டு பக்கமும் 10 ஹெர்ட்ஸ் பீட் வரும். காதுக்குக்கூடக் கேட்காத மெதுவான அலை.

மாயம் இங்கேதான். கலக்கும்போது அதிர்வெண் பத்து லட்சம் மடங்கு குறைகிறது, ஆனால் கட்டம் அப்படியே இருக்கிறது. 10 மெகா ஹெர்ட்ஸில் சுற்றின் கால் பங்கு பிந்தினால் பீட்டிலும் கால் பங்கு பிந்தும். அங்கே கால் சுற்று 25 நானோ செகண்ட், இங்கே 25 மில்லி செகண்ட். நேரத்துக்குப் பத்து லட்சம் மடங்கு பூதக்கண்ணாடி! ஒரு பிக்கோ செகண்ட் வித்தியாசம் ஒரு மைக்ரோ செகண்டாக விரிந்து கையில் வந்து விழுகிறது. மைக்ரோ செகண்டை அளக்க எச்பி தேவையில்லை. 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடுகிற அர்டுயினோவின் டைமர் ஒரு படிக்கு 62.5 நானோ செகண்ட். அதாவது அசல் அலையில் ஒரு பிக்கோ செகண்டின் பதினாறில் ஒரு பங்கு. அர்டுயினோ ஊனோவில், அலை வந்த கணத்தைப் பதிக்கிற கேப்ச்சர் கால் ஒன்றுதான் இருக்கும் என்பதால் நான் எஸ்டிஎம்32 பலகைக்கு மாறிவிட்டேன். ஒரே டைமரில் பல கேப்ச்சர் உள்ளீடு உண்டு.

அந்த மூன்றாவது ஆசிலேட்டர் எவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். அதன் நடுக்கம் இரு பீட்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால், கழிக்கும்போது பெரும்பகுதி போய்விடும். முழுவதும் போகாது. இரண்டு பீட்டும் பூச்சியத்தைக் கடக்கிற நேரம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்த இடைவெளியில் அது ஆடியது மிச்சம் நிற்கும். ஆகவே ஒரு பக்கக் கேபிளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து இரு கடப்பையும் அருகருகே கொண்டுவாருங்கள். ஆர்ஜி-58 கேபிளில் ஒரு மீட்டர் கிட்டத்தட்ட 5 நானோ செகண்ட். ஓசிஎக்ஸ்ஓவைப் பத்து ஹெர்ட்ஸ் இழுக்கப் பெரும்பாலும் முடியாது, பிடிவாதம். சுமாரான விசிஎக்ஸ்ஓ, அதாவது வோல்ட் கொடுத்து அதிர்வெண்ணை நகர்த்தக்கூடிய கிறிஸ்டல், இழுபடும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கட்டும்போது எங்கே சறுக்கும்?

மூன்று இடத்தில். பூச்சியக் கடப்பைப் பிடிக்கிற சுற்றில்தான் முதல் சறுக்கல். 10 ஹெர்ட்ஸ் பீட்டின் உச்சி 0.3 வோல்ட் என்று வையுங்கள். பூச்சியத்தைக் கடக்கிற இடத்தில் அதன் சரிவு வினாடிக்கு 19 வோல்ட்தான். மெதுவாக ஏறுகிற மேடு. அந்த இடத்தில் 19 மைக்ரோ வோல்ட் இரைச்சல் இருந்தால் கடக்கும் நேரம் ஒரு மைக்ரோ செகண்ட் தள்ளிப்போகும். பூதக்கண்ணாடியின் வழியாக அது ஒரு பிக்கோ செகண்ட் பிழை. ஆகவே பீட்டை நேரே ஒரு கம்பரேட்டரில் (எந்த வோல்ட் பெரியது என்று மட்டும் சொல்லும் சில்லு) போடாதீர்கள், ஒரே கடப்பில் பலமுறை மாறி மாறித் துடிக்கும். முதலில் இரைச்சல் குறைந்த ஓப்ஆம்பில் (பெருக்கிச் சில்லு) கொஞ்சம் பெருக்கி மேல்கீழ் வெட்டி, அடுத்த படியில் இன்னும் கொஞ்சம், இன்னும் அகலமான பட்டையில், என்று மூன்று நான்கு படியாகச் சரிவைச் செங்குத்தாக்க வேண்டும். முதல் படியின் பட்டை குறுகல், கடைசிப் படியின் பட்டை அகலம். வரிசையை மாற்றிப் போட்டு ஒரு மாதம் வீணாக்கினேன்.

இரண்டாவது சறுக்கல், என்னை மிகவும் ஏமாற்றியது. முதல் முறை கட்டி முடித்து இரண்டு ஓசிஎக்ஸ்ஓக்களைச் செருகினேன். திரையில் கோடு ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நேராகப் போயிற்று. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மனைவி ஒரு கேள்வி கேட்டார்: "இரண்டு கடிகாரம் இவ்வளவு ஒத்துப்போகுமா?" போகாது. மிக்சர் வழியாகவும் பொது மின்வழங்கி வழியாகவும் ஒன்றின் அலை மற்றதற்குள் கசிந்து, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. நான் அளந்தது இரண்டு ஆசிலேட்டரை இல்லை, கைகோத்துக்கொண்ட ஒரு ஜோடியை. அதற்குப் பிறகு ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனித் தடுப்புப் பெருக்கி, இரண்டு டிரான்சிஸ்டரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காஸ்கோட் வடிவில். முன்பக்கம் போகிற அலை பின்பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். 100 டெசிபெல் தடுப்பு கிடைத்தால் நிம்மதி.

மூன்றாவது, மின்வழங்கி. சுவிட்சிங் சார்ஜரை இந்தப் பெட்டிக்கு அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். பழைய இரும்பு டிரான்ஸ்பார்மர், நேரியல் ரெகுலேட்டர், ஓசிஎக்ஸ்ஓவுக்கு ஒன்று, மிக்சர் பக்கத்துக்கு ஒன்று. எல்டி3045 போன்ற அமைதியான ரெகுலேட்டர்கள் கிடைத்தால் பூச்சியக் கடப்பு சுற்றுக்கு அதைப் போடுங்கள்.

கட்டி முடித்தாயிற்று. முதலில் எதை அளப்பது?

எதையும் அளக்காதீர்கள். கருவியை அதனோடே ஒப்பிடுங்கள்.

ஒரே ஆசிலேட்டரை இரண்டாகப் பிரித்து இரு உள்ளீட்டுக்கும் கொடுங்கள். இரு பக்கமும் ஒரே அலை என்பதால் வித்தியாசம் மாறவே கூடாது. ஆனாலும் மாறும். அந்த மாற்றம்தான் உங்கள் கருவியின் தரை. அதற்குக் கீழே உங்களுக்குக் கண் தெரியாது. தட்டு இரண்டையும் காலியாக வைத்து முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காத தட்டான் உண்டா?

இதை இரவு முழுக்க ஓடவிட வேண்டும். என் பெட்டி முதல் இரவில் ஒரு வினாடிக்குப் பத்தாயிரம் கோடியில் ஐந்து என்று காட்டியது. வெறும் எக்ஸார் சில்லே இதைவிடப் பரவாயில்லை என்று தோன்றியது. தடுப்புப் பெருக்கி, படிப்படியான வெட்டு, தனி ரெகுலேட்டர், எல்லாம் போட்டு இப்போது லட்சம் கோடியில் இரண்டுக்கு வந்திருக்கிறேன். இணையத்தில் இதைவிடப் பத்து மடங்கு நல்ல தரையைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது போதும், என்னிடம் இருக்கிற ஆசிலேட்டர்கள் இதற்கு மேலேதான் ஆடுகின்றன.

இந்தச் சோதனையை ஓடவிட்டபடியே ஒரு கேபிளை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பிஎன்சி இணைப்பைச் சற்றுத் திருகிப் பாருங்கள். கோட்டில் பல பிக்கோ செகண்ட் உயரத்துக்கு ஒரு முள் எழும். அப்போதுதான் புரியும், மேசையில் தேநீர்க் கோப்பையை வைப்பதுகூட ஓர் அளவீடுதான் என்று.

ஆலன் விலகல் வரைபடத்தை எப்படிப் படிப்பது?

சாதாரணத் திட்டவிலக்கம் இங்கே உதவாது. ஆசிலேட்டர் மெல்ல நழுவிக்கொண்டே இருப்பதால், நீண்ட நேரம் அளக்க அளக்க எண் பெரிதாகிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. 1966-இல் ஆலன் வேறு கேள்வி கேட்டார்: ஒரு குறிப்பிட்ட நேரத் துண்டின் சராசரிக்கும் அடுத்த துண்டின் சராசரிக்கும் எவ்வளவு வித்தியாசம்? அடுத்தடுத்த துண்டுகளை மட்டும் பார்ப்பதால், எவ்வளவு நேரம் அளந்தாலும் எண் பெரிதாகிக்கொண்டே போகாது.

வரைபடத்தில் கிடைமட்டம் துண்டின் நீளம், செங்குத்து அந்த நீளத்துக்கு ஆசிலேட்டர் எவ்வளவு ஆடுகிறது. இடப்பக்கம் சரிந்து இறங்கும் கோடு பெரும்பாலும் கருவியின் இரைச்சல். நடுவில் தரை. வலப்பக்கம் மேலேறினால் நழுவல். டைம்லேப் என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் வரைந்து தரும். முதலில் கட்டக் கோட்டையே வெறும் கண்ணால் பாருங்கள். பத்தில் எட்டுக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்கும் ஏர்கானுக்கும் இது தாங்குமா?

தாங்காது, பழக வேண்டும். என் கோட்டில் ஒரு காலத்தில் கடலலை மாதிரி சீரான ஏற்ற இறக்கம் வந்தது. 14 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆலன் வரைபடத்தில் ஐந்து நிமிடத்தை ஒட்டி ஒரு திமில், 14 நிமிடத்தில் ஒரு பள்ளம். கோளாறு சுற்றில் என்று நினைத்து ரெகுலேட்டரை மாற்றினேன், மிக்சரை மாற்றினேன். ஒரு நாள் இரவு மேசையருகே படுத்திருந்தபோது ஏர்கான் கம்ப்ரெசர் நின்று திரும்ப ஓடுகிற சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், 14 நிமிடம். சீரான ஆட்டம் ஒன்று இருந்தால் அதன் கால அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே திமிலும், முழுக் கால அளவில் பள்ளமும் வரும் என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இப்போது ஏர்கானை அணைத்துவிடுகிறேன். அறை 31 டிகிரியில் இருந்தாலும் பரவாயில்லை, மாறாமல் இருந்தால் போதும். ஆசிலேட்டர்களைச் சுற்றி மீன் கடையில் கேட்டு வாங்கிய பாலிஸ்டைரீன் பெட்டி. மின்விசிறி நேரே படக்கூடாது.

வெயிலைவிட வானம் பெரிய தொல்லை. காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்தை ஒட்டிப் போகிறது. அதனால் சூரியன் மறைந்த பிறகு அயனமண்டலம் குமிழ் குமிழாகக் கிளம்பி ஜிபிஎஸ் சமிக்ஞையை மினுக்கும். சூரியன் உச்சத்தில் இருக்கிற ஆண்டுகளில், மார்ச் ஏப்ரலிலும் செப்டம்பர் அக்டோபரிலும் அதிகம். ஐரோப்பாவில் இருப்பவர் எழுதிய அமைப்பை அப்படியே போட்டுவிட்டு, இரவு எட்டு மணிக்கு ஏன் ஜிபிஎஸ்டிஓ துள்ளுகிறது என்று குழம்பாதீர்கள். பிடியை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பிறந்தவருக்குத் தெரியும். அன்டெனா கேபிளில் வாயுக்குழாய்த் தடுப்பான் போட்டு, அதை ஒழுங்காக நிலத்தோடு சேருங்கள்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்? செலவு எவ்வளவு?

கோலாலம்பூரில் பூடு பக்கம் ஜாலான் பாசார். ரெசிஸ்டர் முதல் டிரான்ஸ்பார்மர் வரை நடந்தே வாங்கலாம். பினாங்கில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். 1972-இலிருந்து பாயான் லெப்பாஸில் எச்பி உட்பட எத்தனையோ தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் அலமாரிகளில் என்னென்னவோ தூங்குகின்றன. விசாரித்தால் கிடைக்கும். எனக்கு ஒரு பெட்டி மிக்சர் கிடைத்தது அப்படித்தான், ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்ததில்.

ஓசிஎக்ஸ்ஓவை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஐந்து வாங்கினால் மூன்று நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடை எனக்கு அனுப்பிய ரூபிடியத்தில் விளக்கு ஏற்கனவே தீர்ந்து போயிருந்தது, காசு திரும்பி வரவில்லை. விற்பவர் ஓடுகிற படம் காட்டாவிட்டால் வாங்காதீர்கள். மொத்தத்தில் ஜிபிஎஸ் பக்கத்தையும் சேர்த்து எனக்கு எழுநூறு வெள்ளிக்குள் முடிந்தது, வீணடித்ததைச் சேர்க்காமல்.

லைசன்ஸ் வேண்டுமா?

இந்தப் பெட்டி எதையும் ஒலிபரப்புவதில்லை. ஹாம் உரிமத்தோடு வரும் 9டபிள்யூ2 அழைப்புக்குறி கைக்கு வரும்வரை காத்திருக்காமல் தொடங்கலாம்.

கோலாலம்பூரில் இருக்கிற நண்பரின் கடிகாரத்தோடு ஒப்பிட முடியுமா?

முடியும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கோளைப் பார்த்து, அவரவர் கடிகாரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கோளின் கடிகாரப் பிழை இரு பக்கமும் ஒன்றே என்பதால் கழிந்துவிடும். நமக்கிடையே முன்னூறு கிலோமீட்டர்தான் என்பதால் அயனமண்டலப் பிழையிலும் பெரும்பகுதி போய்விடும். பொதுப்பார்வை முறை என்று பெயர், 1980-களிலிருந்து அளவியல் கூடங்கள் இப்படித்தான் ஒத்துப் பார்த்து வந்தன. இருவரும் அன்டெனாவை அசைக்காமல் வைப்பது முக்கியம். நானும் செந்தூல் நண்பர் ஒருவரும் தீபாவளி விடுமுறையில் முயன்றோம். அவர் வீட்டில் யாரோ வெடி வைக்க மாடிக்குப் போய் அன்டெனாவை நகர்த்தி வைத்துவிட்டார்கள். இன்னொரு முறை செய்ய வேண்டும்.

இரண்டு கடிகாரத்தில் எது ஆடுகிறது என்று எப்படித் தெரியும்?

இரண்டே இருந்தால் தெரியாது. மூன்றாவது வேண்டும். முதலாவதையும் இரண்டாவதையும், முதலாவதையும் மூன்றாவதையும், இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் ஆலன் விலகலையும் வர்க்கப்படுத்துங்கள். முதல் இரண்டைக் கூட்டி, அதிலிருந்து மூன்றாவதைக் கழித்து, பாதியாக்கினால் முதல் கடிகாரத்தின் சொந்த ஆட்டத்தின் வர்க்கம் கிடைக்கும். சில சமயம் விடை மைனஸில் வரும். அப்போது ஒன்று அளவீடு போதாது, இல்லையென்றால் இரண்டு கடிகாரம் எங்கேயோ கைகோத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அப்படி வந்தபோது, மூன்றில் இரண்டு ஒரே பிளக்கில் செருகியிருந்தது.

எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?

ஒரு நாள் துண்டைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வாரம். லட்சம் கோடியில் ஒன்று என்பது நாளுக்கு 86 நானோ செகண்ட் நகர்வு, ஒரு முழுச்சுற்றுகூட ஆகாது. புதிதாகச் சூடேற்றிய ஓசிஎக்ஸ்ஓவுக்கு முதல் சில வாரங்களை மதிப்பெண் போடாமல் விட்டுவிடுங்கள். இடையில் அறைக்கதவில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். என் கதவில் ஒட்டியிருப்பது: "கூட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம், பிளக்கைக் கழற்ற வேண்டாம். வெள்ளிக்கிழமை நானே கூட்டுகிறேன்."